ஒலிவ மரத்துச் சொந்தம்

எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. அதில் டீ போட்டால் பால் திரிந்துவிடும். தலைக்குக் குளித்தால் முடி சிக்குப் பிடித்துச் சீப்பு உடையும். இதையெல்லாம் கோர்ட்டில் சொன்னோம். பருப்பு பழசாக இருக்கலாம், பால்காரன் சரியில்லாதவனாக இருக்கலாம் என்று தோல் ஷாப்பின் வக்கீல் பதில் சொன்னார். சீப்பைப் பற்றி மட்டும் அவர் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு வழுக்கை. சீப்பின் கஷ்டம் அவருக்குத் தெரிய நியாயமில்லை.

இப்படிச் சிரித்துக்கொண்டுதான் ஆரம்பிக்க முடிகிறது. சிரிக்காமல் ஆரம்பித்தால் பாதியிலேயே நிறுத்திவிடுவேன்.

என் பெயர் ஸ்டான்லி. வேடசந்தூர் ரோட்டில் ஒரு நூல் மில்லில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். அப்பா ஸ்தனிஸ்லாஸ் மல்லிகை போட்டவர். அம்மா செபாஸ்தியம்மாள் அந்த மல்லிகையைப் பறித்தவள். திண்டுக்கல்லிலிருந்து டவுன் பஸ் பிடித்தால் எங்கள் ஊர் பக்கம்தான்; தோட்டத்தில் குனிந்து வேலை பார்த்துவிட்டு நிமிர்ந்தால் மலைக்கோட்டைப் பாறை தெரியும். ஊருக்கு மேற்கே தோல் பதனிடும் ஆலையாக அந்தத் தோல் ஷாப் வந்தது. தோல் கழுவிய தண்ணீரை ஓடையில் விட்டார்கள். ஓடைத் தண்ணீர் கிணறுகளில் இறங்கியது. மண்ணில் உப்புப் பூத்தது. மல்லிகை இலைகள் ஓரம் கருகின, மொட்டு வரவரச் சிறுத்தது. பூ மார்க்கெட்டில் கமிஷன் கடைக்காரர் எங்கள் கூடைக்குள் கையை விட்டு அளைந்து பார்த்துவிட்டு, “என்னண்ணே, பூவைக் கொண்டாருவீகன்னு பாத்தா ரேஷன் அரிசியைக் கொண்டாந்திருக்கீக?” என்றார். அப்பா அதன்பிறகு மார்க்கெட்டுப் பக்கம் போகவில்லை. அந்த வருஷமே செடிகளைப் பிடுங்கிப் போட்டோம்.

ஊர்க்காரர்கள் சேர்ந்து போட்ட வழக்கு அது பாட்டுக்கு நடந்தது. தண்ணீரை இரண்டு தரப்பும் தனித்தனியாகச் சோதனைக்குக் கொடுத்தோம். எங்கள் ரிப்போர்ட் அதை விஷம் என்றது. அவர்கள் ரிப்போர்ட்டைப் படித்தால் அந்தத் தண்ணீரில் சர்பத் போட்டுக் குடிக்கலாம் போலிருந்தது. கடைசியில் கோர்ட் ஒரு கமிட்டி போட்டது. கமிட்டிக்காரர்கள் எங்கள் ஊர் மாதா கோயில் வளாகத்தில் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். இன்னொரு லேப், இன்னொரு ரிப்போர்ட் என்று பேச்சு ஆரம்பித்தபோது அப்பா எழுந்தார்.

“காயிதம் பொய் சொல்லுங்கய்யா. செடி பொய் சொல்லாது. எங்க கெணத்துத் தண்ணியை ஊத்திச் செடி வளத்துப் பாருங்க. செடி சொல்றதுதான் தீர்ப்பு.”

ஊரே கைதட்டியது. அப்பா தன் வாழ்நாளில் கைதட்டு வாங்கியது அன்றைக்குத்தான். வாங்கிய மனுஷர் உட்கார்ந்திருக்கலாம். கைதட்டு தலைக்கு ஏறிவிட்டது. தோல் ஷாப் மானேஜர் ஆனந்த்ராஜைப் பார்த்து, “எங்க நெலத்தைக் கேட்டு ஆள்மேல ஆள் அனுப்புறீகள்ல? செடி உங்க பக்கம் சொல்லுச்சுன்னா, மறுபேச்சில்லாம எழுதிக் குடுத்துட்டுப் போறேன். இது மாதா கோயில். இங்க நின்னு சொல்றேன்” என்றார். ஆனந்த்ராஜ் நல்ல வியாபாரி. எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கமிட்டியில் செடி விவரம் தெரிந்தவர் ஷாஹினா மேடம். பேகம்பூர்க்காரர். கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவர். அவருடைய வாப்பா ஒரு காலத்தில் தோல் ஷாப்பில் தோல் காயப்போட்டவர் என்று தெரிந்ததும், இவர் நமக்கா எழுதப் போகிறார் என்று ஊரில் முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்புக்கு நான் இப்போது வெட்கப்படுகிறேன். அந்த வளாகத்தில் அன்று பக்கம் பார்க்காமல் பேசியவர் அவர் ஒருவர்தான்.

மல்லிகை மட்டும் போதாது, சம்பங்கியும் வைக்க வேண்டும் என்றார் அவர். ஆனந்த்ராஜுக்கு அது பிடிக்கவில்லை. “எதுக்கு மேடம் ரெண்டு செடி? ஒண்ணு வச்சாத் தெரியாதா?”

“மல்லி மட்டும் வச்சு அது வாடுனா, வேர் அழுகல் நோய்னு சொல்லுவீங்க. முன்னாடி கோர்ட்டுல அப்படித்தான சொன்னீங்க?” என்றார் மேடம். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னார். “மல்லிக்கும் சம்பங்கிக்கும் வெள்ளையும் வாசமும்தான் ஒண்ணு. மத்தபடி பங்காளியும் கெடையாது, சம்பந்தகாரங்களும் கெடையாது. சம்பங்கி ஒத்தை இலையா முளைக்கிற கூட்டம். நெல்லு, வாழை, வெங்காயம் எல்லாம் அது பக்கம். மல்லி ரெண்டு இலையா முளைக்கிற கூட்டம்.”

கூட்டத்தில் பின்னால், விளக்குமாற்றோடு நின்றிருந்த அம்மா கேட்டாள். கோயில் வளாகத்தைக் கூட்டுவது அம்மாவின் நேர்ச்சை. எனக்கு மஞ்சள்காமாலை வந்து பிழைத்த நாளிலிருந்து கூட்டுகிறாள். “அப்ப மல்லிக்கு யாரு தாயி சொந்தம்?”

மேடத்துக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. முகம் மலர்ந்தது. “பவளமல்லி இருக்குல்ல, அது. அப்புறம் நம்ம பக்கம் இல்லாத ஒரு மரம். ஒலிவ மரம். அதுவும் மல்லியும் ஒரே குடும்பம்மா.”

“ஒலிவ மரமா? இயேசுசாமி ரத்த வேர்வை வேர்த்து செபம் பண்ணுனாரே, அந்தத் தோட்டத்து மரமா?”

“அதே மரம்தான்.”

அம்மா விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு நெஞ்சில் சிலுவை போட்டாள். அதற்குப் பிறகு மேடம் சொன்னதுதான் முக்கியமானது. ஒட்டுறவே இல்லாத இரண்டு செடியும் ஒரே தண்ணீரில் ஒரே மாதிரி கருகினால், குற்றம் செடியில் இல்லை, தண்ணீரில்தான். ஒன்று கருகி மற்றொன்று தழைத்தால் தண்ணீரின் மேல் பழி போட முடியாது. கருகிய செடியின் குணம் என்றுதான் எழுத வேண்டியிருக்கும். ஊரே இதைக் கேட்டுத் தலையாட்டியது. அம்மா கேட்கவில்லை. அவள் அதற்குள் மாதா சிலை நிற்கும் கெபிக்கு முன்னால் முழங்கால் போட்டிருந்தாள். அவள் காதில் விழுந்த தாவரவியல் ஒலிவ மரத்தோடு நின்றுவிட்டது.

தொட்டி மண்ணையும் நடுநடுவே சோதிக்கலாமா என்று மேடம் கேட்டார். இரண்டு தரப்பும் வேண்டாம் என்றோம். அவர்களுக்கு மண்ணைப் பார்த்தால் பயம். எங்களுக்கு லேப் என்றாலே வெறுப்பு. “செடி சொல்லட்டும்” என்றார் அப்பா மறுபடியும். இந்த முறை யாரும் கைதட்டவில்லை.

கோயில் வளாகத்தின் ஓரத்தில் கம்பி வலை அடித்துக் கூண்டு கட்டினார்கள். உள்ளே தொட்டிகள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் குடிக்க மல்லிகை ஒரு வரிசை, சம்பங்கி ஒரு வரிசை. நல்ல தண்ணீர் குடிக்க அதேபோல் இரண்டு வரிசை. எல்லாத் தொட்டிக்கும் ஒரே மண், ஒரே வெயில். கூண்டுக் கதவுக்கு இரண்டு பூட்டு. ஒன்று ஊர்ப் பூட்டு, மற்றது தோல் ஷாப் பூட்டு. பூட்டுக்குப் பேர்போன ஊரில் செடிக்கும் பூட்டுப் போட்டாயிற்று என்று மில்லில் என்னைக் கேலி செய்தார்கள். இரண்டு சாவியும் வந்தால்தான் கதவு திறக்கும். ஒன்றுவிட்டு ஒருநாள் சாயங்காலம் இரண்டு தரப்பு ஆளும் வந்து தண்ணீர் ஊற்றுவார்கள். சனிக்கிழமை ஷாஹினா மேடம் வந்து உயரம், இலை, மொட்டு எல்லாம் பார்ப்பார். நாங்கள் செடியைச் சாகடித்துவிடுவோமோ என்று தோல் ஷாப்காரர்கள் பயந்தார்கள். அவர்கள் எங்கள் வரிசைக்கு நல்ல தண்ணீர் ஊற்றிவிடுவார்களோ என்று நாங்கள் பயந்தோம். அந்த வழக்கில் யார் யாரைச் சந்தேகப்படலாமோ அத்தனை பேரையும் சந்தேகப்பட்டோம், விளக்குமாறு பிடித்த கையைத் தவிர.

தை பிறந்து நட்டது. மாசியில் எங்கள் தண்ணீர் குடித்த சம்பங்கி நுனியிலிருந்து காய ஆரம்பித்தது. மல்லிகை இலைகளும் ஓரம் கருகி, எங்கள் தோட்டத்தில் அன்றைக்கு எப்படிக் கருகியதோ அப்படியே சுருண்டன. நல்ல தண்ணீர் குடித்த இரண்டும் செழித்து நின்றன. ஊருக்குத் திருவிழாக் களை வந்துவிட்டது. செடி வாடுவதைப் பார்த்து விவசாயிகள் டீ வாங்கிக் கொடுத்துக் கொண்டாடிய அதிசயம் எங்கள் ஊரில்தான் நடந்தது. அப்பா தினமும் கூண்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வருவார். வீட்டில் ஒன்றும் சொல்ல மாட்டார். கேஸ் விஷயத்தை வீட்டுப் பெண்பிள்ளைகளிடம் பேசுவது அவர் வழக்கமில்லை. நானும் ஷிப்ட் முடிந்து வந்தால் சாப்பிட்டுத் தூங்குவேன்.

அம்மா மட்டும் மெலிந்துகொண்டே வந்தாள். குழாயில் ஆத்தூர் டேம் தண்ணீர் வருவது எங்களுக்குப் பண்டிகை மாதிரி. வந்தால் பிடித்து வைத்துக் குடிக்கிற தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிப்போம். ஒருநாள் அம்மா கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பதைப் பார்த்துவிட்டேன்.

“என்னம்மா, இதையா குடிக்கிற?”

“இஞ்சியைத் தட்டிப் போட்டா உப்புத் தெரியாதுலே. நீ போயிச் சாப்புடு.”

“குடிக்கிற தண்ணிதான் குடத்துல இருக்கே?”

“இருக்கட்டும் அப்பு. கோடை வருதுல்ல.”

கோடைக்குச் சேமிக்கிறாள் என்று நினைத்தேன். கோயில் பப்பாளி மரம் மொட்டையாகிக்கொண்டே போனதையும் பார்த்தேன். அதற்கு ஆட்டைத் திட்டினேன்.

பங்குனியில் விஷயம் திரும்பியது. எங்கள் தண்ணீர் குடித்த சம்பங்கி மொத்தமாகச் செத்தது. தொட்டியில் கிழங்கு அழுகி, காய்ந்த தாள்தான் மிச்சம். ஆனால் அதே தண்ணீர் குடித்த மல்லிகை துளிர்த்தது. முதலில் ஒரு தொட்டியில், பிறகு வரிசை முழுக்க. பச்சைப் பசேலென்று புதுக் கொழுந்து. ஷாஹினா மேடம் ஒரு சனிக்கிழமை அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. இலையைத் திருப்பினார், முகர்ந்தார், பூட்டுகளை இழுத்துப் பார்த்தார். தண்ணீர் எடுக்கும் கிணற்றுக்கே போய் நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார். “எனக்குப் புரியலை ஸ்டான்லி” என்று என்னிடம் சொன்னார். “இந்தத் தண்ணியில மல்லி வாழக் கூடாது. ஆனா வாழுது. நான் கண்ணால பாக்குறதைத்தான் எழுத முடியும்.”

ஆனந்த்ராஜ் இப்போது சனிக்கிழமைகளில் மனைவியையும் கூட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார். அப்பாவைப் பார்த்தால், “செடி பேசுதுண்ணே” என்பார்.

அப்பா பேசுவதை நிறுத்திவிட்டார். சாப்பிட உட்கார்ந்தால் வெஞ்சனம் எது, சோறு எது என்று பார்க்காமல் பிசைந்துகொண்டே இருப்பார். நிலத்துக்குப் போய் வரப்பில் உட்கார்ந்துகொள்வார். சொன்ன சொல்லை மீறத் தெரியாத ஆள். அதுவும் மாதா கோயிலில் வைத்துச் சொன்ன சொல்.

வீட்டில் சந்தோஷமாக இருந்தது அம்மா ஒருத்திதான். “மல்லி மொட்டு வச்சிருக்குலே, பாத்தியா? மே மாசம் மாதா மாசம். மொதல் பூவைச் சரமாக் கட்டி மாதாவுக்குப் போடுறேன்னு நேந்திருக்கேன். பூத்துட்டா கேஸ் நமக்குத்தான்.” வேண்டுதல் பேச்சுதானே என்று நான் அதைக் காதில் வாங்கவில்லை. ஒலிவத் தோட்டத்துச் சொந்தம் வாடிப்போய் நின்றால் வேண்டுதல் எப்படிப் பலிக்கும் என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கைப் பற்றி எங்களுக்குத் தெரியாது. எங்கள் கணக்கைப் பற்றி அவளுக்குத் தெரியாது. ஒரே வீட்டில், ஒரே அடுப்புச் சோற்றைத் தின்றுகொண்டு இருந்தோம்.

மே மாதம் கமிட்டி கடைசியாகக் கூடியது. இரண்டு பூட்டையும் திறந்தார்கள். மேடம் எல்லாத் தொட்டியையும் பார்த்து முடித்ததும் அம்மா போய், “தாயி, இனி பூவைப் பறிச்சுக்கிடலாமா?” என்று கேட்டாள். மேடம் தலையசைத்தார். எங்கள் தண்ணீர் வரிசை மல்லிகையில் இருந்த மொட்டுகளை அம்மா ஒவ்வொன்றாகக் கிள்ளி முந்தானையில் போட்டாள். ரேஷன் அரிசி இல்லை அது. நல்ல உருண்டு திரண்ட மொட்டு. கெபிக்கு முன்னால் உட்கார்ந்து வாழைநாரில் கட்டினாள். அவள் விரல்கள் பழைய வேகத்தில் ஓடின. மாதா கழுத்தில் சரத்தைப் போட்டுவிட்டு, வேப்பமரத்தடிக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள். அவளிடமிருந்து மல்லிகை வாசம் வந்தது. எங்கள் வீட்டில் அந்த வாசம் அடித்து எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்தேன்.

ஷாஹினா மேடம் எழுந்து நின்று வாசித்தார். குரலில் சுரத்தே இல்லை. சம்பங்கி இந்தத் தண்ணீரில் அழிந்தது. மல்லிகை இதே தண்ணீரில் தழைத்துப் பூத்தது. ஆகவே இந்தத் தண்ணீர் பூச்செடிகளுக்குப் பொதுவாகக் கேடு செய்கிறது என்று சொல்ல முடியவில்லை. ஆனந்த்ராஜின் ஆட்கள் கைதட்டினார்கள். எங்கள் பக்கம் ஒருவர்கூட அசையவில்லை.

அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “என்னலே சொல்றாக? ஏன் எல்லாரும் இப்புடி நிக்கிறீக?”

“தோத்துட்டோம்மா.”

“சம்பங்கிதான் செத்துப் போச்சுல்ல?”

“ரெண்டும் செத்திருக்கணும்மா. ரெண்டும் செத்தாத்தான் தண்ணி மேல குத்தம். மல்லி பொழைச்சிருச்சு. அதான் தோத்துட்டோம்.”

அம்மா என் முகத்தையே பார்த்தாள். பிறகு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள்.

“நாந்தான் ஊத்துனேன். எய்யா, நாந்தான் நல்ல தண்ணி ஊத்துனேன்.”

யாருக்கும் முதலில் புரியவில்லை. அம்மா பப்பாளி மரத்துக்கு ஓடி ஓர் இலையை ஒடித்தாள். இலையைக் கிள்ளி எறிந்துவிட்டு நீளக் காம்பைக் கூண்டின் கம்பி வலைக்குள் நுழைத்தாள். உள்ளே குழல் போல ஓட்டையாக இருக்கிற காம்பு. அதன் மறுநுனி மல்லிகைத் தொட்டியில் போய் நின்றது. “இப்புடித்தான். வெடியக் கூட்டவாரப்ப எல்லாம், சொம்புல குடிதண்ணி கொண்டாந்து இப்புடித்தான் ஊத்துனேன். சம்பங்கி தள்ளி இருந்துச்சு, அதுக்கு எட்டலை. இது வாடுச்சுய்யா. பாக்கப் பொறுக்கலை. மாதாவுக்கு நேந்த செடிய்யா.”

பிறகு ஷாஹினா மேடத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். “நீங்கதான தாயி சொன்னீக, ஒலிவ மரத்துச் சொந்தம்னு?”

மேடம் கையிலிருந்த தாள்களோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கன்னங்களில் கண்ணீர் இறங்கியது. துடைக்கக்கூட இல்லை.

ஆனந்த்ராஜ் சிரித்தார். “தோத்தப்புறம் இப்புடி ஒரு கதையா? பூட்டு ரெண்டும் அப்படியே இருக்கு. இம்புட்டு நாளா இல்லாத பப்பாளிக் குழல் இன்னைக்கு எங்கேருந்து மொளைச்சுச்சு?” பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கமிட்டிக்காரர்களைப் பார்த்தார். “நிசம்னா அதைவிட மோசம். கோர்ட்டு வச்ச செடியில, கேஸ் போட்ட ஆளோட பொண்டாட்டியே கை வச்சிருக்காங்க. எதை எழுதணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க.”

கமிட்டித் தலைவர் மேடத்தைப் பார்த்தார். “நான் இந்தம்மாவை நம்புறேன் சார்” என்றார் மேடம். “நம்பினா கேஸே நிக்காது. நம்பலைன்னா கேஸ் தோத்துப் போகும். நான் என்ன செய்யட்டும்?” என்று தலைவர் கேட்டார். மறுபடி செடி வைத்துப் பார்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். ஆனந்த்ராஜ் தலையை ஆட்டினார். செடி சொல்வதுதான் தீர்ப்பு என்று கேட்டவர்களே நாங்கள்தான்.

ஊர்க்காரர்களுக்கு அப்போதுதான் குரல் வந்தது. “கெடுத்துட்டாளே, ஊரையே கெடுத்துட்டாளே” என்று பின்னாலிருந்து ஒரு சத்தம். அதற்கு மேல் ஒருவன் கெட்ட வார்த்தையும் சொன்னான். நான் அவனை அடிக்கப் போனேன். அப்பா என் தோளைப் பிடித்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் பேசியது அப்போதுதான்.

“விடுறா. செடி பொய் சொல்லலை. நல்ல தண்ணி குடிச்சேன், பூத்தேன்னு சொல்லுச்சு. நமக்குத்தான் கேக்கத் தெரியலை.”

அம்மாவின் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவள் அழுதிருப்பாள். அழுதிருந்தால் கொஞ்சமாவது ஆறியிருக்கும்.

கமிட்டி எதை எழுதினாலும் வழக்கு எங்களுக்கில்லை என்றாகிவிட்டது. சொன்னபடி அப்பா நிலத்தை எழுதிக் கொடுத்தார். நான் கத்தினேன். மாதா கோயிலில் வாய் தவறிச் சொன்னதற்கு நிலத்தையா கொடுப்பார்கள் என்று கேட்டேன். இந்தத் தண்ணீரை வைத்துக்கொண்டு அந்த நிலத்தில் என்ன செய்யப் போகிறாய் என்று திருப்பிக் கேட்டார். தோல் ஷாப்காரர்கள் உடனே வேலி போட்டார்கள். கிணறு வேலிக்குள் போய்விட்டது.

கூண்டைப் பிரித்தார்கள். தொட்டிகள் யாருக்கும் தேவைப்படவில்லை. அம்மா அந்த மல்லிகைத் தொட்டிகளை ஒவ்வொன்றாக இடுப்பில் சுமந்து வந்து வீட்டுக்குப் பின்னால் வரிசையாக வைத்தாள். வேலி போடுவதற்கு முன்பே கிணற்றிலிருந்து குடம் குடமாக இறைத்துக் கொண்டுவந்து பெரிய டிரம் ஒன்றில் நிரப்பி வைத்திருந்தாள். அதிலிருந்து சொம்பில் மொண்டு தொட்டிகளுக்கு ஊற்றினாள். கூண்டில் ஊற்றிய அதே முறை. ஒன்றுவிட்டு ஒருநாள், சாயங்காலம். ஊற்றிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வாள். கோயில் கூட்டப் போவதை விட்டுவிட்டாள்.

இலை ஓரம் கருகத் தொடங்கியபோது எனக்குத் தாங்கவில்லை. குடத்திலிருந்து நல்ல தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். அம்மா சொம்பைத் தட்டிவிட்டாள். தண்ணீர் தரையில் கொட்டியது.

“ஊத்தாத.”

“செத்துப் போயிரும்மா.”

“தெரியும்லே. செத்த நேரம் சும்மா இரு.”

பூச்செடி வாடினால் தான் குடிக்கிற தண்ணீரைக் கொடுத்தவள், அந்தச் செடிகள் ஒவ்வொரு இலையாகச் சுருண்டு சாவதை உட்கார்ந்து பார்த்தாள். முகத்தைத் திருப்பவில்லை. அப்பாவால் அந்தப் பக்கம் போக முடியவில்லை. முன்வாசலிலேயே படுத்துக் கிடந்தார். கடைசிச் செடியும் காய்ந்த அன்று அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

“ஏலே, அந்த மேடத்துக்கு ஒரு போன் போடு. வந்து பாக்கச் சொல்லு.”

எதற்கு என்று கேட்கவில்லை. போன் போட்டேன். ஷாஹினா மேடமும் எதற்கு என்று கேட்கவில்லை. மறுநாள் மத்தியான வெயிலில் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி நடந்து வந்தார். வீட்டுக்குப் பின்னால் போய், பையிலிருந்து ஸ்கேலை எடுத்து, குத்தவைத்து உட்கார்ந்து, செத்த செடிகளைத் தொட்டி தொட்டியாக அளந்தார். காய்ந்த இலையைத் திருப்பிப் பார்த்தார். தொட்டி விளிம்பில் படிந்திருந்த உப்பை விரலால் தேய்த்துப் பார்த்தார். எதையும் விடவில்லை. அம்மா அவர் பின்னாலேயே தொட்டி தொட்டியாக நகர்ந்தாள்.

“சம்பங்கி மாதிரியே கருகியிருக்கா தாயி?”

“ஆமாம்மா. அதே மாதிரிதான்.”

“ஒரு வித்தியாசமும் இல்லையே?”

“இல்லம்மா.”

“இப்பச் சரியா இருக்குல்ல?”

மேடம் ஸ்கேலை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவின் கையைப் பிடித்தார்.

“சரியா இருக்கும்மா” என்றார்.